முப்பத்தொரு நாள் வராதவள்

வருகைப் பதிவு எடுக்கும்போது நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். காது போதும் எனக்கு. இரண்டாம் ஆண்டு கணிதத்தில் அறுபத்திரண்டு பேர். பேரைக் கூப்பிட்டதும் வருகிற ‘எஸ் மேம்’ யாருடையது என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன். வராத தோழிக்காக வந்தவள் குரல் கொடுக்கிற ப்ராக்சி வேலையெல்லாம் என்னிடம் நடக்காது. இதை ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சொல்லியே எல்லோருடைய உயிரையும் வாங்கியிருக்கிறேன்.

நிமிராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவசரம். சீர்காழியில் காலை ஏழரை பஸ், மயிலாடுதுறையில் இறங்கி வேறு பஸ், குத்தாலம் சாலையில் கல்லூரி வாசலில் இறங்கும்போது ஒன்பது பத்து. ஆசிரியர் வருகை மெஷினில் விரல் வைத்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து உதவிப் பேராசிரியர் தேர்வுக்குப் படிப்பேன். முப்பத்தெட்டு வயதாகிறது, பதினோரு வருஷமாக ஒப்பந்த ஆசிரியை. அரசு வேலை கிடைத்தால்தான் இந்த ஓட்டம் நிற்கும். ஒன்பதரைக்கு மணி அடிக்கும். இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். வகுப்பில் நிற்கும்போது மனசு ஸ்டாஃப் ரூமில் இருக்கும், ஸ்டாஃப் ரூமில் இருக்கும்போது பரீட்சை ஹாலில் இருக்கும். உடம்பு மட்டும் எங்கேயாவது ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், பதினான்காம் எண் பூமிகாவுக்கும் முப்பத்தேழாம் எண் பிரதீபாவுக்கும் ஒரே மூக்கடைப்பு. அப்படித்தான் கண்டுபிடித்தேன். பிரதீபா தரங்கம்பாடிப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அவளுக்கு இயல்பிலேயே பெரிய தொண்டை. ஜூனிலிருந்து பூமிகாவின் பேருக்கு மட்டும் குரலை மெலிதாக்கி என்னை ஏமாற்றியிருக்கிறாள். அன்று ஜலதோஷம் காட்டிக்கொடுத்துவிட்டது.

எழுந்து நிற்கச் சொன்னேன். எத்தனை நாளாக இந்தப் பூமிகா கல்லூரிக்கே வருவதில்லை என்று கேட்டேன். பிரதீபா பக்கத்தில் கையைக் காட்டினாள். ஜன்னலோரத்தில், அவளுக்கு அடுத்த இடத்தில், ஒரு பெண் உட்கார்ந்து டெஸ்க்கின் விளிம்பை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அதுதான் பூமிகா.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வராதவளுக்கு ப்ராக்சி கொடுப்பார்கள். வந்து குத்துக்கல்லாக உட்கார்ந்திருப்பவளுக்கு எதற்கு ப்ராக்சி? திமிர் என்றுதான் நினைத்தேன். மேடம் கூப்பிட்டால் பதில் சொல்லவும் ஆள் வைத்திருக்கிறாள் மகராணி. பிரதீபா ஏதோ சொல்ல வந்தாள். உட்கார் என்றேன். நாளையிலிருந்து அவரவர் பேருக்கு அவரவர் வாயால் சொன்னால்தான் வருகை, இல்லாவிட்டால் ஆப்சென்ட் என்று அறிவித்தேன். எல்லோருக்கும் சொல்வதுபோலச் சொன்னாலும் அது ஒருத்திக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. இரண்டு விநாடி பொறுத்துவிட்டு ஆப்சென்ட் போட்டேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. செப்டம்பர் முழுக்க, அக்டோபர் பாதி வரைக்கும், தினமும் முதல் மணி நேரம் என்னுடையது, தினமும் ஒரு ஆப்சென்ட். மொத்தம் முப்பத்தொன்று. நடுவில் வைத்த இன்டர்னல் டெஸ்டில் அவள் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கினாள். அது என் கோபத்தை இன்னும் கூட்டியது. பிரதீபா இரண்டு தடவை ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். பிறகு வா என்று அனுப்பிவிட்டேன். அந்த ‘பிறகு’ வரவே இல்லை.

அக்டோபர் நடுவில் வருகைச் சதவீதப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக எழுபத்தைந்து வேண்டும். அறுபத்தைந்துக்குக் கீழே போனால் எந்த மன்னிப்பும் கிடையாது, ஹால் டிக்கெட் வராது, அடுத்த வருஷம் திரும்ப வந்து உட்கார வேண்டியதுதான். பூமிகாவுக்கு மற்ற நான்கு பாடத்திலும் தொண்ணூற்றேழு, என் புள்ளியியலில் மட்டும் ஐம்பத்தேழு.

மறுநாள் காலை அவள் அம்மா வந்தார். பேர் அமிர்தம். குறுவை அறுவடைக்கு மிஷின் வந்து வயலில் நிற்கிறது, அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது புடவையில் ஒட்டியிருந்த வைக்கோல் துணுக்கிலேயே தெரிந்தது. கணவர் சிங்கப்பூரில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒயர் கூடையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அரசு மருத்துவமனைச் சான்றிதழ். பேர், வயது, போட்டோ, அதற்குக் கீழே ஆட்டிசம் என்று எழுதியிருந்தது.

“நாலு பள்ளிக்கூடத்துல டி.சி. குடுத்து அனுப்பிட்டாங்க மேடம். இங்கயும் சொன்னா சேத்துக்க மாட்டாங்கன்னு பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். தப்பு என்னுதுதாங்க.”

தப்பு அவருடையது என்று அவரே சொன்னதில் எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. சொல்லியிருந்தால் நான் இப்படிச் செய்திருப்பேனா என்று கேட்கக்கூட வாயைத் திறந்தேன். அதற்குள் பிரதீபாவும் வந்து நின்றுவிட்டாள். இந்தத் தடவை அவளைப் பிறகு வரச் சொல்லவில்லை.

அவள் சொன்னது இது. முதல் வருஷம் முதல் வாரத்தில் ஓர் ஆசிரியர் பூமிகாவின் பேரைக் கூப்பிட்டு, பதில் வராததால் கத்தியிருக்கிறார். பூமிகா டெஸ்க்கில் தலையை முட்டிக்கொண்டாள். அத்தனை பேர் நடுவில் திடீரென்று பேரைக் கூப்பிட்டால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். தனியாக, நிதானமாகக் கேட்டால் நன்றாகவே பேசுவாள். அன்றிலிருந்து வகுப்பு தானாகவே சில ஏற்பாடுகள் செய்துகொண்டது. மணி தொங்குகிற பக்கம் அவள் உட்கார்ந்தால் காதைப் பொத்திக்கொள்வாள் என்று ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டார்கள். நாளைக்கு எந்த ஆசிரியர் லீவு, யார் பதிலுக்கு வருவார் என்று முதல் நாள் மாலையே விசாரித்து அவளுக்குச் சொல்லிவிடுவார்கள். திடீர் மாற்றம் அவளுக்கு ஆகாது. இதெல்லாம் அறுபத்தொரு பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. சம்பளம் வாங்குகிற எனக்குத் தெரியவில்லை.

மற்ற பாடத்தில் எப்படி வருகை வந்தது என்று கேட்டேன்.

“மத்தவங்க எல்லாம் நிமிந்து பாப்பாங்க மேம்,” என்றாள் பிரதீபா. குத்திக்காட்டவில்லை, கேட்டதற்குச் சொன்னாள்.

உடனே கடிதம் எழுதினேன். முப்பத்தொரு நாளும் இந்த மாணவி வகுப்பில் இருந்தாள், பிழை என்னுடையது, திருத்தித் தர வேண்டுகிறேன். எழுதியதும் பெரிய மனுஷி ஆகிவிட்டதுபோல ஓர் எண்ணம். நேராக முதல்வர் மனோகரன் சாரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சூடுபட்டவர். போன வருஷம் வேறு துறையில் ஒரு பையனுக்கு வருகையைத் திருத்திக் கொடுத்து, அதற்குப் பல்கலைக்கழகம் விளக்கம் கேட்டு அவரைப் படாத பாடு படுத்திவிட்டது. பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து, இன்றைக்கு அது தப்பு என்று நீங்களே சொன்னால் நாளைக்கு ஒரு வரிசையே என் வாசலில் நிற்கும் என்றார். சான்றிதழைப் பார்த்துவிட்டு, பரீட்சையில் கூடுதல் நேரம் வாங்க இது உதவும், வருகைக்கு உதவாது என்றார். பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள் என்றேன். ப்ராக்சி கொடுத்த பிள்ளைகளா என்று கேட்டார். அந்தந்த நாளில் எழுதப்பட்ட ஆதாரம் ஏதாவது இருந்தால் திங்கட்கிழமை நாலு மணிக்குள் கொண்டுவாருங்கள், அதற்குமேல் பட்டியல் போய்விடும் என்று முடித்துவிட்டார்.

அன்று மாலை பிரதீபா பூமிகாவை ஸ்டாஃப் ரூமுக்கு அழைத்துவந்தாள். கையில் நீளவாட்டு நோட்டு. “இவ தினமும் எழுதுவா மேம். எல்லாத்தையும் எழுதுவா,” என்றாள். பூமிகா நோட்டை என் மேஜையில் வைத்து, மேஜையின் ஓரத்துக்கு நேராக ஒழுங்குபடுத்திவிட்டுப் போனாள்.

திறந்தேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். தேதி, ஒவ்வொரு மணி நேரத்திலும் நடத்திய பாடம், கரண்ட் போன நேரம், வந்த நேரம். செப்டம்பர் மூன்றாம் தேதிப் பக்கத்தில் என் மணி நேரம் இப்படி இருந்தது.

‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ். மேம் 9.44க்கு வந்தாங்க. பேர் கூப்பிட்டாங்க. கை தூக்கினேன். பார்க்கல. பாய்சான் பரவல், இரண்டு கணக்கு. 10.13க்குப் போனாங்க.’

அடுத்த நாள், ‘கை தூக்கினேன். பார்க்கல.’ அதற்கு அடுத்த நாளும். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனேன். ஒரு நாள்கூட அவள் சும்மா இருக்கவில்லை. குரல் வராததால் கை தூக்கியிருக்கிறாள். நான் இரண்டு விநாடி பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்து, அவள் முகத்துக்கு எதிரிலேயே அவள் இல்லை என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னொன்றையும் படித்தேன்.

9.44. 9.41. 9.52. 9.39. போனது 10.13, 10.10, 10.15. ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை என் மணி நேரம். ஒரே ஒரு நாள் கூட நான் முழுதாக இருந்ததில்லை. விரல் மெஷினில் ஒன்பது பத்து என்று இருக்கும், அதனால் என்னை யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் ஏமாற்றுகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நான் ஏமாற்றியதெல்லாம் பேனாவால், நிமிஷக் கணக்காக அதில் இருந்தது. இந்த நோட்டைக் கொடுத்தால் பூமிகா பரீட்சை எழுதுவாள். என் ஒப்பந்தம் நவம்பரில் புதுப்பிக்க வேண்டியது.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு ஒன்பது இருபத்தொன்பதுக்கே போய்விட்டேன். பதிவேட்டை விரித்து, பதினான்காம் பேரைக் கூப்பிட்டு நிமிர்ந்தேன். கை தோள் உயரத்துக்குத்தான் எழுந்தது. உள்ளங்கை என் பக்கம், பார்வை ஜன்னல் பக்கம். வருகை போட்டேன். அவ்வளவுதான் வேலை. ஒரு விநாடி ஆகவில்லை.

ஆனாலும் அன்றைக்கு மதியம் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பூமிகாவைக் காலியாக இருந்த வகுப்பறைக்கு வரச் சொன்னேன். புது நோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். குரலைத் தாழ்த்தி, நிதானமாக, பிரதீபா சொல்லிக்கொடுத்தபடியே பேசினேன். அந்த நல்ல முறையை இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினேன் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. தேதி, பாடம், கை தூக்கியது, இது மட்டும் போதும். நேரத்தையெல்லாம் விட்டுவிட்டு இதில் அழகாக எழுதிக் கொடும்மா, முதல்வருக்குப் படிக்கச் சுலபமாக இருக்கும் என்றேன்.

அவள் புது நோட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“இது அன்னிக்கு எழுதுனது ஆகாது மேம்.”

“அதே விஷயம்தானேம்மா?”

“இன்னிக்கு எழுதுனா இன்னிக்குத் தேதிதான் போடணும்.”

கோபம் இல்லை, பிடிவாதம் இல்லை. எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைத் தெரிவிப்பதுபோலச் சொன்னாள். புது நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மணி அடிப்பதற்குமுன் கிளம்பிப் போனாள்.

சனியும் ஞாயிறும் எனக்கு உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பொங்கவிட்டேன். சில பக்கங்களில் என் நேரம் கொஞ்சம் பரவாயில்லை, அந்தப் பக்கங்களை மட்டும் நகல் எடுத்துக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். எட்டுப் பக்கம் தேறியது, எட்டு நாள் போதாது. நேரம் தெரியாதபடி ஓரத்தை மடித்து நகல் எடுக்கலாமா என்றும் பார்த்தேன். அவள் எல்லாவற்றையும் ஒரே வரியாக எழுதியிருக்கிறாள், ஓரமே இல்லை. கடைசியில் நோட்டைப் பையில் வைத்து ஜிப்பை மூடிவிட்டு, அதைத் திரும்பத் திறக்காமல் இருப்பதற்காகவே வீட்டைக் கழுவினேன்.

திங்கட்கிழமை பஸ் பாதி வழியில் ஊர்ந்தது. சாலையில் ஒரு பக்கம் முழுக்க நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு நாளும் இல்லாமல் அன்று எனக்கு அந்தத் தாமதம் பிடித்திருந்தது. ஆனாலும் மூன்று மணிக்கு முதல்வர் அறையில் நான், பூமிகா, எதிரே மனோகரன் சார், நடுவில் நோட்டு.

அவர் நிதானமாகப் படித்தார். ஆகஸ்ட் முடித்து செப்டம்பர், செப்டம்பர் முடித்து அக்டோபர். ஒரு தாளில் கோடு போட்டுப் போட்டு எண்ணினார். உங்கள் கடிதத்தில் முப்பத்தொன்று இருக்கிறது, இதில் குறைகிறதே என்று என்னைக் கேட்டார். எனக்குப் பகீர் என்றது. பெரிய மனதோடு எல்லா நாளையும் அள்ளிக் கொடுத்துவிட்டேன், சரிபார்க்கவில்லை.

பூமிகா மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இருபத்தொம்பது. செப்டம்பர் ஒம்பதும் பத்தும் நான் வரல. காய்ச்சல். மேம் எழுதுனது தப்பு.”

அவர் தாளில் போட்ட கோடுகளைத் திரும்ப எண்ணினார், இருபத்தொன்பது. தனக்குக் கிடைக்கிற இரண்டு நாளை வேண்டாம் என்று சொல்கிற மாணவியை அந்த அறை அதற்குமுன் பார்த்திருக்காது. நோட்டை அவர் நம்பிவிட்டார் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. என்னைப் பற்றியதையும் சேர்த்து நம்பிவிட்டார்.

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். டிசம்பரில் ஆய்வுக்குழு வருகிறது, புள்ளியியலுக்கு வேறு ஆள் இல்லை என்றார். இந்த நேரமெல்லாம் ஃபைலில் ஏறினால் தன் கையில் ஒன்றும் இருக்காது, நிர்வாகம் கேட்கும் என்றார். பிறகு எனக்கு நல்லது செய்கிற குரலில் பேசினார்.

“அந்தப் பொண்ணு ஏதோ கடிகாரத்தைப் பாத்து ஏதோ எழுதியிருக்கு. நேரமெல்லாம் சரியா இருக்காதுன்னு நீங்க சொன்னா நோட்டே செல்லாது. உங்களுக்கும் சிக்கல் இல்ல, எனக்கும் இல்ல. அடுத்த வருஷம் எழுதிக்கட்டும். சின்ன வயசுதானே. என்ன சொல்றீங்க மேடம்?”

அந்தப் பொண்ணு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அங்கே இல்லாததுபோல அவர் பேசுகிறார். இப்படித்தான் நானும் தினமும் செய்தேன் என்று அப்போதுதான் எனக்குக் கண்ணால் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும், ஒரு வருஷம் அவளுடையது போய்விடும், என் வேலை தங்கிவிடும். பதினோரு வருஷப் பஸ் ஓட்டம், படித்த புத்தகம், எல்லாம் தொண்டையில் வந்து நின்றது. குரல் வராமல் போவது என்னவென்று எனக்கும் தெரிந்தது.

“நேரம் சரிதான் சார்,” என்றேன். “எல்லாமே சரி. நான் அப்படித்தான் வந்தேன், அப்படித்தான் போனேன்.”

அவர் பெருமூச்சு விட்டார். பியூனைக் கூப்பிட்டு எல்லாப் பக்கத்தையும் நகல் எடுக்கச் சொன்னார். இருபத்தொன்பது நாளைத் திருத்த உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு தாளை எடுத்து எனக்கு மெமோ எழுதினார். நவம்பருக்குப் பிறகு ஒப்பந்தத்தைப் பற்றித் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். நான் தலையாட்டினேன். மெமோவை வாங்கும்போது, இரண்டு நாளாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது ஏதோ நின்றிருந்தது.

நகல் வந்ததும் நோட்டு பூமிகாவிடம் திரும்பிப் போனது. அவள் நன்றி சொல்லவில்லை, சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை. இந்த அறையில் நடந்த பேச்சில் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் பிடிபடாமல் இருந்தது.

“நாளைக்கு முதல் ஹவர் யாரு?” என்று கேட்டாள்.

மனோகரன் சார் என்னைப் பார்த்தார்.

“நான்தாம்மா,” என்றேன்.

அவள் அங்கேயே நோட்டைத் திறந்து புதுப் பக்கத்தில் எழுதினாள். தேதிக்கு இடம் விட்டாள். முதல் ஹவர். ஸ்டாட்டிஸ்டிக்ஸ். பிரகதீஸ்வரி மேம். என் பேரை அவள் கையெழுத்தில் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். வந்த நேரம் என்று எழுதி, அதற்குமேல் எழுதாமல் நிறுத்தினாள்.

“ஒன்பதரைன்னு எழுதிக்கோம்மா,” என்றேன்.

“வந்த பிறகு எழுதுறேன்,” என்று நோட்டை மூடினாள்.